எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தும் காசு கேட்கிறார்கள், அவசர உதவி

குளச்சல்காரன்: லேப்டாப் ஆன் ஆகவில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய மின்பலகை) மாற்றியாச்சு என்று சொல்லித் தந்தார்கள், வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மறுபடி போய்விட்டது. இப்போது வாரண்டியில் வராது, காசு கட்டுங்கள் என்கிறார்கள். தங்கச்சிக்கு பிராஜெக்ட் ரிவ்யூ நெருங்கிவிட்டது. வழி சொல்லுங்கள்.

தக்கலை_டெக்: என்ன மாடல்? வாங்கி எத்தனை வருடம்? வாரண்டி கம்பெனியுடையதா, கடையில் பில்லோடு சேர்த்து விற்றதா? என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள்?

வடசேரி_பையன்: ரேமை, அதாவது மெமரி அட்டையைக் கழற்றி, அதன் உலோகக் கால்களை அழிரப்பரால் தேய்த்துப் போடுங்கள் அண்ணே. நான் பார்த்த வரை ஆன் ஆகாத லேப்டாப்புக்கு முதல் மருந்து அதுதான்.

தக்கலை_டெக்: வேண்டாம். இந்த நிலையில் திறந்தால், நீங்களே கெடுத்தீர்கள் என்று அதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

பழையகை: தம்பி, முதலில் கேள்வியை முழுசாகக் கேட்கப் பழகுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி தானாகக் கெடும் பாகத்துக்கு மட்டும்தான் பொதுவாக வரும். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது எல்லாம் ஆக்சிடென்டல் டேமேஜ் என்று தனித் திட்டம். நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து அழுவதே எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.

குளச்சல்காரன்: இரண்டு வருடம் தாண்டிவிட்டது. கடையில் விற்ற திட்டம். போர்டில் திரவம் பட்டுத் துரு ஏறியிருக்கிறதாம். போட்டோ காட்டினார்கள், யூஎஸ்பி போர்ட் பக்கம் பச்சையாகப் பூத்திருக்கிறது. சத்தியமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

முட்டம்_அக்கா: கடல் காற்றுதான் தம்பி. எங்கள் வீட்டில் கேட் தாழ்ப்பாளே பொரிந்து உதிர்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கத்தான் செய்யும். இங்கே கொண்டுவந்து விற்கிறவர்களுக்கு அது தெரியாதா?

மார்த்தாண்டம்_எம்: பேசாமல் திருவனந்தபுரம் கொண்டு போங்கள். எங்கள் பக்கம் எல்லாரும் அங்கேதான் போகிறோம், வேலை சுத்தமாக இருக்கும்.

வடசேரி_பையன்: எதற்கெடுத்தாலும் திருவனந்தபுரமா? 1956 நவம்பர் 1-ல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, இன்னுமா ஒரு லேப்டாப்புக்கு எல்லை தாண்டணும்? நாகர்கோவிலில் நல்ல ஆட்களே இல்லையா?

மார்த்தாண்டம்_எம்: மக்கா, நான் அரசியல் பேசவில்லை. எனக்கு நாகர்கோவிலில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பழையகை: அங்கேயும் கடல்தான், அங்கேயும் உப்புதான். விஷயத்துக்கு வாருங்கள்.

தக்கலை_டெக்: குளச்சல் அண்ணே, ஒன்று கவனித்தீர்களா? போர்டு மாற்றியதாகச் சொன்னார்கள். புதுப் போர்டில் ஒரு வாரத்தில் அவ்வளவு பச்சை எப்படிப் பூக்கும்? முதல் ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் சென்டர் தந்த வேலைச் சீட்டில், கழற்றிய போர்டு நம்பரும் போட்ட போர்டு நம்பரும் இருக்கிறதா பாருங்கள். போட்டோவில் உள்ள ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று போட்டோ பழையது, இல்லாவிட்டால் போர்டு மாறவே இல்லை. மறுப்பை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், மெயிலில் எழுதி வாங்குங்கள்.

முட்டம்_அக்கா: பிறகு 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

பழையகை: ஜாப் ஷீட்டைத் தொலைத்திருப்பார், பாருங்கள்.

குளச்சல்காரன்: இருக்கிறது. போட்டோவில் தெரிவது கழற்றியதாக எழுதிய நம்பர்தான். மெயில் அனுப்பிவிட்டேன், 1915-லும் பதிந்தாச்சு. லேப்டாப்பைத் திரும்பக் கேட்கிறார்கள், நாளைக்குக் கொடுக்கிறேன். தக்கலை அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி.

தக்கலை_டெக்: கொடுக்கும்போது கவுண்டரிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லி, போர்டு நம்பர் தெரிய நீங்களே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழறும் மாடல் என்றால் அவர்களையே கழற்றித் தரச் சொல்லி, ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். தங்கச்சியின் பிராஜெக்ட் அதில்தானே இருக்கிறது?