வாய் அறுவைக்குப் பின் செயற்கைத் தோல் வைப்பது பற்றி

கேள்வி:
என் தந்தையாரின் கன்னத்தின் உட்புறத்தில் உள்ள லியூக்கோபிளாக்கியா என்னும் வெள்ளைப் படலத்தை அறுத்து அகற்றிவிட்டு, அந்த இடத்தைத் தொடைத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தோலால் மூடப்போவதாக மருத்துவர் கூறியுள்ளார். எச்சிலும் உணவும் ஓயாமல் படும் இடத்தில் அது எப்படி ஒட்டி நிற்கும்? மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ செய்யப்படுவதாகக் கேள்விப்பட்டு அத்தா தயங்குகிறார்.

பதில் 1 (வாய்-முகத்தாடை அறுவை மருத்துவர்):
அது நிலையாக ஒட்டி நிற்பதற்காக வைக்கப்படுவதன்று. இவ்வகைத் தோலில் கீழே கொலாஜன் என்னும் புரதத்தாலான, நுண்துளைகள் நிறைந்த அடுக்கும், மேலே மெல்லிய சிலிக்கோன் ஏடும் இருக்கும். புண்ணின் அடித்தளத்திலிருந்து செல்களும் இரத்தக் குழாய்களும் அந்தத் துளைகளுக்குள் புகுந்து வளர வளர, வைத்த கொலாஜன் கரைந்து, அவருடைய சொந்தத் திசுவே அங்கு உருவாகும். ஏறத்தாழ 2 அல்லது 3 வாரங்களில் சிலிக்கோன் ஏட்டை எடுத்துவிட்ட பிறகு, ஓரங்களிலிருந்து சளிச்சவ்வு படர்ந்து அதை மூடும். அதுவரை அசையாமலிருக்க ஓரங்களில் தையல் போட்டு, மேலே மருந்திட்ட துணிப்பொதியை வைத்துக் கட்டுவோம்.

தொடைத் தோலை வைத்தால் அது வாய்க்குள்ளும் தோலாகவே இருக்கும், சிலருக்கு முடிகூட முளைக்கும். எடுத்த இடத்தில் இன்னொரு புண்ணும் உண்டு. ஆனால் செயற்கைத் தோல் வைத்த புண் ஆறும்போது சுருங்கும் என்பதைப் பலர் முன்கூட்டியே சொல்வதில்லை. கன்னத்தில் அப்படிச் சுருங்கினால் வாய் திறக்கும் அளவு குறையும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்கி, மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். எலும்பு வெளித்தெரியும் புண்ணிலும் கதிர்வீச்சு பெற்ற இடத்திலும் நான் இதை நம்புவதில்லை.

செயற்கைத் தோல் வகைகளில் இன்டெக்ரா மாட்டுத் தசைநாண் கொலாஜனிலிருந்தும், ஜப்பானின் பெல்நாக் பன்றியிலிருந்தும் செய்யப்படுகின்றன. எனவே எதை வைக்கப்போகிறார்கள் என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
என் கணவருக்கு நாக்கின் ஓரத்தில் வைத்தார்கள். சில நாட்களில் ஏட்டின் ஒரு மூலை பெயர்ந்து, வாடையும் அடித்தது. பயந்து ஓடினோம், மருத்துவர் அந்த மூலையை மட்டும் கத்தரித்துவிட்டு அனுப்பினார். இப்போது பேச்சில் குறையில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அத்தா இன்னும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். புண் ஆறிய பின் போடலாமா?

பதில் 1:
கூடாது. புகையிலை தொடர்ந்தால் படலம் மீண்டும் வரலாம். பாக்கையும் சேர்த்தே விட வேண்டும். அகற்றிய படலம் முழுவதும் திசு ஆய்வுக்குச் செல்வதையும் உறுதி செய்யுங்கள். அதில் புற்று தெரிந்தால் மறு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படலாம்.