முதலாண்டு பிரெஞ்சு வகுப்பு: விதிமுறைத் தாளில் எதை எழுதலாம், எதை விடலாம்?

நாலாம்பீரியட் கேட்டது:

உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சை முதன்முதலாகத் தொடும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். 40 பேர், வாரத்துக்கு 4 பீரியட். முதல் நாளே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். வரைவில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: ஹோம்வொர்க் 40 மார்க், டெஸ்ட் 60. மொழிபெயர்ப்பு ஆப் பயன்படுத்தினால் பூஜ்யம். வகுப்பில் பிரெஞ்சு மட்டுமே. தாமதமாகக் கொடுத்தால் வாங்கமாட்டேன்.

எழுதி முடித்துப் படித்தால் போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இதில் எது பாதி ஆண்டுவரை தாங்கும்? எழுத்துக்கு மேலே போடும் ஆக்சான் குறிகளை விட்டால் மார்க் குறைக்கலாமா? பேச்சுக்கு எப்படி மார்க் போடுவது?

சிவப்புமை:

முதலில் அந்த 40-ஐக் கழற்றுங்கள். தொடக்க நிலை ஹோம்வொர்க்கைப் போலக் காப்பியடிக்க எளிதான சரக்கு வேறில்லை. அதற்கு இவ்வளவு மார்க் வைத்தால், வாயைத் திறக்காத பிள்ளையும் 75 வாங்கி மேல் வகுப்புக்குப் போய்விடும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: வாரச் சிறு டெஸ்ட் 30, பாட முடிவு டெஸ்ட் 30, பேச்சு 25, ஹோம்வொர்க் 10, நோட்டு 5. மார்க் குறைந்தால் வேலை குறையும் என்று பொருளில்லை. தினம் 15 நிமிட வேலை கொடுங்கள். வகுப்பு தொடங்கும்போது மேசை மேசையாகப் போய் 2, 1, 0 என்று குறித்துக்கொள்ளுங்கள். சரியா தப்பா என்று அங்கே நின்று பார்க்க வேண்டாம், செய்திருக்கிறதா என்பது மட்டும் போதும்.

ஆப் விஷயம். ‘கூடாது’ என்று எழுதினால் அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. எல்லை எங்கே என்று எழுதுங்கள்: ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கலாம், ஒரு வாக்கியத்தை ஆப்பில் போட்டு எடுக்கக் கூடாது. பாடத்தில் வராத சொற்கள் ஒரு கட்டுரைக்கு 3 வரை. அவற்றுக்கு அடிக்கோடு போட்டு ஓரத்தில் தமிழ்ப் பொருள் எழுத வேண்டும். கூடவே, வரும் விடையை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு பீரியட் கற்றுக்கொடுங்கள். ‘மாலை’ என்று போட்டால் பொழுதா பூவா, ‘ஆறு’ என்று போட்டால் நதியா எண்ணா, ‘படி’ என்று போட்டால் என்னவெல்லாம் வருகிறது என்று பலகையில் ஒருமுறை காட்டினால் போதும், பிள்ளைகளே உஷாராகிவிடுவார்கள்.

ஆப் எழுதியதைக் கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் தேட வேண்டாம். எத்ர் (இரு), அவ்வார் (வைத்திரு) இரண்டு வினையும் இப்போதுதான் முடித்த பிள்ளை, மேல் நிலையில் வரும் சப்ஜங்க்டிவ் வினைவடிவத்தை எழுதினால் அதுவே சொல்லிவிடும். இன்னொரு தடயம் பால். பெண் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும்போது ‘கொந்தான்த்’ (மகிழ்ச்சியானவள்) என்று வர வேண்டிய இடத்தில் ‘கொந்தான்’ என்று ஆண்பாலில் இருக்கும். எழுதுகிறவர் யாரென்று ஆப்புக்குத் தெரியாது, பெரும்பாலும் ஆண்பாலையே தந்துவிடும். ஆனால் இதே தப்பைப் பிள்ளைகள் தாமாகவும் செய்வார்கள். இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

தண்டனை பூஜ்யம் என்றால் நீங்கள் நிரூபிக்க வேண்டும், பெற்றோரோடு வாதாட வேண்டும். அதற்குப் பதில் மறுநாள் 5 நிமிடம் உட்கார வைத்து, எழுதியதில் இரண்டு வாக்கியத்தைத் தொட்டு, பொருள் என்ன, வினை ஏன் இப்படி முடிகிறது என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் முழு மார்க். சொல்லவில்லை என்றால் அதே தலைப்பை வகுப்பிலேயே கையால் எழுத வேண்டும், மார்க் அதற்குத்தான். இதில் சண்டைக்கே இடமில்லை.

ஒற்றெழுத்து:

‘பிரெஞ்சு மட்டுமே’ என்பது ஒரு மாதம் தாங்காது. வகுப்பு நேரத்தில் 90 விழுக்காடாவது கற்கும் மொழியிலேயே இருக்கட்டும் என்று அமெரிக்காவின் மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபல் 2010-இல் பரிந்துரைத்தது உண்மை. படம், சைகை, தெரிந்த சொல் என்று ஆசிரியர் முட்டுக்கொடுத்துக் கொண்டே போக வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. பிள்ளைகள் வாயை அடைக்கும் விதியாக அதை மாற்றினால் வகுப்பு மௌனமாகிவிடும். இப்படி எழுதுங்கள்: கீழே உள்ள வாக்கியங்கள் முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு பிரெஞ்சில் மட்டுமே.

ஜெ நெ கொம்ப்ரான் பா (எனக்குப் புரியவில்லை).
ரெப்பெத்தே, சில் வூ ப்லே (திரும்பச் சொல்லுங்கள்).
கெஸ் கெ சா வெ தீர் (இதற்கு என்ன பொருள்).
கொமான் தீ-த்-ஓன்… ஆன் ஃப்ரான்சே (இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது).

இலக்கண விளக்கத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம் தமிழ். நேரம் குறித்து வைத்தால் மற்ற நேரத்தில் தமிழ் கசியாது. கழிப்பறை அனுமதியைப் பிரெஞ்சில் கேட்டால்தான் விடுவேன் என்ற வேடிக்கை வேண்டாம். அவசரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இலக்கணம் வராது.

நோட்டு விதியில் ஒன்றைக் கண்டிப்பாகச் சேருங்கள்: பிரெஞ்சுச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதக் கூடாது. (இங்கே நாமே அதைத்தான் செய்கிறோம், இந்த இழையில் வேறு வழியில்லை.) ரொட்டிக்கான சொல்லைப் ‘பேன்’ என்று எழுதிவைத்த பிள்ளை ஆண்டு முழுக்க னகர மெய்யில் நாக்கை ஒட்டிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சில் அங்கே நாக்கு எங்கும் தொடாது, உயிரொலி மூக்கு வழியாகப் போகிறது. நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. பேச்சில் ‘அவன் வந்தான்’, ‘மரம்’ என்று வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் நாக்கும் ஒட்டாது, உதடும் மூடாது. உயிர்கள் வேறு, ஆனால் வேலை அதே வேலை.

உச்சரிப்புக்குப் பதில் இரண்டு குறி போதும். ஒலிக்காத கடைசி எழுத்துக்குப் பென்சிலால் குறுக்குக் கோடு. அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் அடியில் ஒரு வளைவு. ‘நண்பர்கள்’ என்பதற்கு ‘லே’, ‘ஆமி’ என்று தனித்தனியே எழுதினாலும் வாயில் வருவது ‘லேஸாமி’. அந்த வளைவு அதை நினைவூட்டும்.

பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதினால் அந்த வரிக்கு மார்க் கிடையாது. பால் காட்ட முன்னால் போடும் லெ (ஆண்), லா (பெண்) போதாது, ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ (ஆண்) அல்லது ‘யூன்’ (பெண்) வேண்டும். காரணம் எளிது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் முன் லெ, லா இரண்டுமே ‘ல்’ என்று சுருங்கிவிடும். பள்ளிக்கூடம் ‘லெகோல்’, மரம் ‘லார்ப்ர்’: எது ஆண், எது பெண்? ‘யூன் எகோல்’, ‘அன் னார்ப்ர்’ என்று எழுதியிருந்தால் கேள்வியே எழாது.

உங்களைப் பிள்ளைகள் ‘வூ’ என்றும் தங்களுக்குள் ‘து’ என்றும் அழைக்க வேண்டும் என ஒரு வரி போதும். நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தப்பு வேறு இடத்தில் வரும்: ‘வூ’ சொல்லிவிட்டு வினையை ஒருமையிலேயே விட்டுவிடுவார்கள்.

அரைமார்க்:

ஆக்சான்: முதல் ஆறு வாரம் சிவப்பில் சுழித்துக் காட்டுங்கள், மார்க் குறைக்க வேண்டாம். பிறகு பொருளோ ஒலியோ மாறும் இடத்தில் மட்டும் அரை மார்க். ‘ஊ’ என்ற சொல் குறியில்லாமல் ‘அல்லது’, குறியோடு ‘எங்கே’. ‘ஆ’ குறியில்லாமல் அவ்வார் வினையின் வடிவம், குறியோடு இடத்தையோ நேரத்தையோ சுட்டும் முன்னிடைச்சொல். ‘பையன்’ என்ற சொல்லில் எழுத்தின் அடியில் வரும் செதீய் வாலை விட்டால் ‘கார்சோன்’ ‘கார்கோன்’ ஆகிவிடும். இதை விட்டவருக்கு மார்க் போகத்தான் வேண்டும். ‘ஈ’, ‘ஊ’ ஒலிகளுக்கு மேலே வரும் கூரைக் குறியோ, 1990 எழுத்துத் திருத்தத்துக்குப் பிறகு பல சொற்களில் கட்டாயமில்லை. அதற்கெல்லாம் கத்தி எடுக்காதீர்கள். கணினியில் தட்டச்சு செய்கிற வேலை கொடுத்தால், பிரெஞ்சு விசைப்பலகையை எப்படிச் சேர்ப்பது என்று முதல் வாரமே காட்டிவிடுங்கள். ‘என் கீபோர்டில் இல்லை மிஸ்’ என்ற சாக்கு அத்தோடு போச்சு.

தாமதம்: வாங்கவே மாட்டேன் என்றால், ஒருநாள் தவறவிட்டவர் அந்தப் பாடத்தையே கைவிடுவார். ஒரு வாரம் வரை பாதி மார்க்குக்கு வாங்கலாம். வராத நாளுக்கு, வராத ஒவ்வொரு நாளுக்கும் 2 நாள் கூடுதல்.

மறு டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. சிறு டெஸ்டுக்கு மட்டும், ஒரு வாரத்துக்குள், ஒரே ஒரு முறை. தப்புகளைத் திருத்தி எழுதிய தாளைக் கொண்டுவந்தால்தான் அனுமதி, கேள்விகள் வேறு. உச்சவரம்பு 10-க்கு 8. வரம்பில்லை என்றால் முதல் டெஸ்டுக்கு யாரும் படிக்க மாட்டார்கள்.

சிறு டெஸ்டில் கேட்டெழுதும் பகுதி அவசியம், அதுவும் எண்களில். 70 என்பது ‘அறுபது-பத்து’, 80 ‘நாலு இருபது’, 90 ‘நாலு இருபது பத்து’. 75 என்று நீங்கள் வாசித்தால் அறுபதுக்கான சொல் காதில் விழுந்ததும் கை 6 போட்டுவிடும், பிறகு அடித்துத் திருத்தும். முழு எண்ணும் முடிந்தபின் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கேட்டெழுதுவது வினைக்குப் போதாது. ‘பார்ல்’ என்று நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒரே ஒலி, எழுத்தில் மூன்று முடிவு. அதற்குத் தனியாக எழுத்து டெஸ்ட் வேண்டும்.

சிவப்புமை:

உச்சவரம்பு 8 எனக்கு உடன்பாடில்லை. திருத்தி, திரும்பப் படித்து, வேறு கேள்விக்கு 10 வாங்கிய பிள்ளைக்கு ஏன் 8? திருத்தத் தாளையே கடினமாக்குங்கள். ஒவ்வொரு தப்புக்கும் சரியான வடிவம், காரணம் ஒரு வரி, புதிய வாக்கியம் ஒன்று. சோம்பேறிகள் தாமாகவே கழன்றுகொள்வார்கள்.

நாலாம்பீரியட்:

மிக்க நன்றி. மறு டெஸ்டில் திருத்தத் தாளை வைத்துக்கொள்கிறேன், வரம்பை எடுத்துவிடுகிறேன். பேச்சுத் தேர்வுதான் இன்னும் உதைக்கிறது. 40 பேருக்கு ஆளுக்கு 2 நிமிடம் என்றாலே 80 நிமிடம். அதுவரை மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஒற்றெழுத்து:

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இருவர் இருவராக 20 ஜோடி, ஜோடிக்கு 3 நிமிடம். ஒரு பீரியடுக்கு 5 ஜோடி என்றால் 15 நிமிடம், வாரத்தின் 4 பீரியடில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு வாசிப்புப் பயிற்சித் தாள், பீரியட் முடிவில் அதை வாங்கிவிடுங்கள். பேசும் சூழலை அந்த இடத்தில் சீட்டெடுத்துக் கொடுங்கள். முன்னாலேயே சொன்னால் வசனத்தை உருப்போட்டு ஒப்பிப்பார்கள், எதிராளி வேறு பதில் சொன்னதும் தடுமாறி நிற்பார்கள்.

மார்க் 20: விஷயம் புரிந்ததா 5, ஒலி 5, படித்த இலக்கணம் 5, எதிராளிக்குக் கேள்வி கேட்டாரா 5. பேச்சுக்கான 25-இல் மீதி 5 அன்றாடப் பங்கேற்புக்கு. அதைக் கையுயர்த்தும் எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள். கூச்சப்படும் பிள்ளை பக்கத்து மாணவரோடு பேசியதும் பங்கேற்புதான்.

தாளின் தலைப்பகுதியில், ஆண்டு முடிவில் பிள்ளை என்ன செய்ய முடியும் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்: தன்னை அறிமுகப்படுத்துவது, நேரம் கேட்பது, நண்பருக்குச் சின்னதாக ஒரு கடிதம். பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-உம் அந்த அளவுதான். அங்கே கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நாலுக்கும் 25 வீதம். தேற மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. பேச்சுக்கு இவ்வளவு மார்க் ஏன் என்று பெற்றோர் கேட்டால் இதைக் காட்டலாம்.

அரைமார்க்:

தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், இரண்டாவது பக்கத்தை எந்தப் பெற்றோரும் படிப்பதில்லை. கையெழுத்துக்குக் கீழே, வீட்டில் கேட்டல் பயிற்சிக்கு போனோ கணினியோ கிடைக்குமா என்று ஒரு கட்டமும் போடுங்கள். இல்லை என்று வருகிறவர்களுக்கு அந்த ஹோம்வொர்க்கை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.