வான்கோழிக்கு டெக்காய் வைத்தவர்கள் வாருங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

கரிசல்காட்டான் (நியூயார்க்)

நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்களை நினைக்காதீர்கள். நான் இருப்பது பென்சில்வேனியா எல்லையை ஒட்டிய மலைச்சரிவு. மாட்டுப் பண்ணை, மேப்பிள் காடு, இடையிடையே புல்வெளி. மே 1 முதல் 31 வரை இங்கே வான்கோழி சீசன். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பு தொடங்கி நண்பகல் 12 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். தாடி உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். தாடி என்றால் மார்பிலிருந்து தொங்குமே, குதிரைவால் முடி போன்ற கற்றை, அது.

வேட்டைக்காரர் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கி இது ஆறாவது வருடம். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நான் வாங்கி வைத்திருக்கும் டெக்காய்களை, அதாவது சேவலை ஏமாற்றி வரவழைக்கும் வான்கோழிப் பொம்மைகளை, பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரியவே எனக்கு இரண்டு சீசன் ஆனது.

டெக்காய் நமக்குப் புதிது இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில் கூண்டுக்குள் ஒரு கவுதாரியைக் கத்தவிட்டு, சுற்றிக் கண்ணி வைத்து மற்றதைப் பிடிப்பார்கள். (இப்போது அது சட்டப்படி குற்றம், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) பழைய தமிழில் இப்படிப் பழக்கி வைக்கும் விலங்குக்குப் ‘பார்வை’ என்றே பெயர். சங்கப் பாட்டில் எயினர் குடிசை வாசலில் விளாமரத்தில் பார்வை மான் கட்டிக் கிடக்கும். இங்கேயும் வாத்து வேட்டையில் உயிருள்ள வாத்தைக் கட்டி வைக்கும் பழக்கம் இருந்தது, 1935ல் தடை செய்தார்கள். இன்று எல்லாம் பிளாஸ்டிக், ரப்பர், துணிதான்.

சரி, என் கதை. முதல் வருடம் இரண்டு பெட்டைப் பொம்மை வாங்கினேன். மலை முகட்டில், மரங்களுக்கு நடுவே, எனக்கு இருபது யார்டு முன்னால் நட்டு வைத்தேன். நல்ல இருட்டு. கிழக்கு வெளுத்ததும் மேலே கிளையில் அடைந்திருந்த சேவல் முழங்கியது. ஸ்லேட்டில் குச்சியை உரசிப் பெட்டை மாதிரி மெல்லக் குரல் கொடுத்தேன். உடனே பதில். படபடவென்று இறங்கும் சத்தம். என் நெஞ்சு அடித்த அடியில் சேவல் ஓடிப் போகாதது ஆச்சரியம்.

வந்தது. எழுபது யார்டு தூரத்தில் பொம்மையைப் பார்த்தது. அங்கேயே நின்றது. வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் தேய்த்து, இடமும் வலமுமாக ஆட்டம். தலை ஒரு நேரம் வெள்ளை, ஒரு நேரம் நீலம், கழுத்து ரத்தச் சிவப்பு. நடுவில் ஒரு ‘டும்ம்ம்’ ஒலி வரும், காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் உணர முடியும். ஐம்பது நிமிடம் ஆடியது. ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. அப்புறம் வாலை மடக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. என் துப்பாக்கிக்கு நாற்பது யார்டுக்கு மேல் சுடுவது பறவையைக் காயப்படுத்தி அனுப்பும் வேலை. அதனால் விரலை அசைக்கவில்லை.

பெரியவரிடம் சொன்னேன். அன்று அவர் பத்து வார்த்தைக்கு மேல் பேசினார். “பெண்தான் சேவலிடம் போகும், சேவல் பெண்ணிடம் போகாது. நீ கூப்பிட்டாய், அது வந்தது. பெண்ணைக் கண்ணால் பார்த்ததும் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. இனி அவள் வர வேண்டும். உன் பெண்ணுக்குக் காலில் இரும்புக் குச்சி.”

டெக்காய் இல்லாமல் போயிருந்தால், குரல் வந்த இடத்தில் பெட்டை எங்கே என்று தேடிக்கொண்டே அந்தச் சேவல் என் மடி வரை வந்திருக்கும். அடர்ந்த காட்டில் அதன் கண்ணுக்கு விடை கொடுக்கக் கூடாது, தேட விட வேண்டும். அன்று முதல் மரங்களுக்கு நடுவே நான் பொம்மை நடுவதில்லை.

புல்வெளியில் கதை வேறு. அங்கே குரல் வந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாம் வருடம் பெரியவரின் தீவனப்புல் வயல் ஓரத்தில் ஒரு பெட்டையும் ஒரு ஜேக்கும் வைத்தேன். ஜேக் என்றால் ஒரு வயது விடலைச் சேவல். வாலை விரித்தால் நடு இறகுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், மீசை முளைக்கும் பையன் மாதிரி. அந்த ஜேக்கின் முகம் என்னைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதை மட்டும் பெரியவர் இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று காலை ஆறரைக்குத் தெரிந்தது.

வயலின் அந்தக் கோடியில் ஒரு முழுச் சேவல் வெளியே வந்தது. பெட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. விடலையைப் பார்த்ததும் நடை மாறியது. ஓட்டம் இல்லை, ஊர்ச் சண்டியர் கடைத்தெருவில் நடக்கும் நடை. சண்டைக்கு வருகிற சேவல் எதிராளியின் முகத்துக்கு நேரே வந்துதான் நிற்கும். ஜேக் என்னைப் பார்த்து நின்றதால், இது சுற்றி வந்து எனக்கும் ஜேக்குக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டி நின்றது. விரித்த வால் அதன் கண்ணை மறைத்தது. துப்பாக்கியை உயர்த்த எனக்குக் கிடைத்தது அந்த நாலு விநாடிதான்.

உடனே சுடவில்லை. அது ஜேக்கின் மார்பில் ஓர் உதை, கழுத்தில் ஒரு கொத்து. பொம்மை சாய்ந்தது. நான் வாயில் வைத்திருந்த சவ்வு ஊதலில் ஒரே ஒரு ‘க்ளக்’ கொடுத்தேன். கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கிப் பார்த்தது. பதினெட்டு யார்டு. முடிந்தது.

மார்புக் கறியைப் பிரியாணி போட்டோம். காலைக் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் நரம்பு நரம்பாகத்தான் நிற்கும், அதைச் சூப்புக்குப் போடுங்கள்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொதப்பிய கதைகள்.

தேரிக்காடு (டெக்சஸ்)

அண்ணே, இங்கே இருப்பது ரியோ கிராண்ட் என்கிற வான்கோழி இனம். வெட்டவெளியும் முள்மரமும், அதனால் நான் பொம்மை இல்லாமல் போவதே இல்லை. என் எதிரி காற்று. மெல்லிய நுரைப் பெட்டை ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் காற்றில் அது பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. வந்துகொண்டிருந்த இரண்டு சேவலும் கழுத்தை நீட்டி ஒரு பார்வை, ‘புட்’ என்று ஓர் எச்சரிக்கைச் சத்தம், அவ்வளவுதான். இப்போது வாலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி ஊன்றிவிடுகிறேன். கொஞ்சம் அசையும், சுற்றாது.

இன்னொன்று. போன வருடம் பெட்டைக்குரல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் இடது தோளை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ போகிறது. கயோட்டி, நரி மாதிரி இருக்குமே, அது! என்னைக் கவனிக்கவே இல்லை. வயிறு தரையில் உரச ஊர்ந்து போய், ஒரே பாய்ச்சல், பொம்மையின் கழுத்தைக் கவ்வியது. நுரையைக் கடித்ததும் அது முகத்தைச் சுளித்த விதம் இருக்கிறதே! துப்பிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி நடந்து போனது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அன்றைய வேட்டை அத்துடன் சரி. கழுத்தில் நான்கு பல் ஓட்டையோடு அந்தப் பெட்டையை இன்றும் வைக்கிறேன், சேவல்கள் குறை சொல்லவில்லை.

மலைக்கோட்டை (பென்சில்வேனியா)

தம்பிகளா, சிரிப்புக் கதைக்கு நடுவில் என் கதையும் இருக்கட்டும்.

நான் போவது பொதுக் காடு. என் கணவர் வேட்டைக்கு வரமாட்டார், தனியாகத்தான் போவேன். சேவல் வால் நிஜ இறகில் செய்த, முழுசாக விரித்து நிற்கும் பெரிய பொம்மை ஒன்றை ஆசையாக வாங்கியிருந்தேன். ஒரு சின்ன மேட்டுக்கு இந்தப் பக்கம் அதை வைத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் விசிறியின் மேல்பாதி மட்டும்தான் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஏழரை மணி வாக்கில் மேட்டின் விளிம்பில் ஒரு தொப்பி. பிறகு துப்பாக்கிக் குழல். ஒரு மனிதர் முழங்காலில் ஊர்ந்து வருகிறார். பொம்மை அவருக்கும் எனக்கும் நடுவில், ஏறக்குறைய ஒரே கோட்டில். வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது: கையை ஆட்டாதே, எழுந்திருக்காதே, வான்கோழிக் குரல் கொடுக்காதே, மனிதக் குரலில் கத்து. கத்தினேன். ஆங்கிலம் வரவில்லை, “யோவ், நில்லுய்யா!” என்றுதான் வந்தது. எந்த மொழியாக இருந்தால் என்ன, அவர் அப்படியே உறைந்து, குழலைத் தரைக்கு இறக்கினார். அவர் கை நடுங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். என் கை நடுங்கியதை அவரும் பார்த்திருப்பார்.

அதிலிருந்து பொதுக் காட்டில் சேவல் பொம்மையே கிடையாது, பெட்டை மட்டும். அதுவும் எல்லாப் பக்கமும் நூறு யார்டாவது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். என் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவேன். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும் இருக்காது. உள்ளே போடும் பனியன்கூட. சேவல் தலையின் நிறங்கள் அவை. பொம்மையைக் கொண்டுபோகும்போதும், சுட்ட பறவையைத் தூக்கி வரும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சுப் பை.

சிலர் விசிறி இறகைக் கையில் பிடித்து, அதன் பின்னால் மறைந்து சேவலை நோக்கி ஊர்ந்து போகிறார்கள். வீடியோவில் பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. சில மாநிலங்கள் பொதுக் காட்டில் அதைத் தடை செய்துவிட்டன. என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் தடை செய்யலாம்.

தேரிக்காடு (டெக்சஸ்)

அக்கா, படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் தனியார் பண்ணையில் மட்டும் போவதால் இதை யோசித்ததே இல்லை. ஆரஞ்சுப் பை இன்றே ஆர்டர்.

புதியவன் (அலபாமா)

நான் இன்னும் ஒன்றும் சுடவில்லை. இங்கே சீசனின் முதல் பத்து நாள் டெக்காய் வைக்கவே கூடாது. பெரிய சேவல்கள் இணை சேர்வதற்கு முன்பே பொம்மைக்கு ஏமாந்து போய்விடக் கூடாதாம். பதினோராவது நாள் விரித்த வால் சேவலை வைத்தேன், மூன்று சேவல் வந்தன, பார்த்ததும் ஓடிவிட்டன. என்ன தப்பு செய்தேன்?

கரிசல்காட்டான் (நியூயார்க்)

நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை தம்பி, அந்த மூன்றும் ஏற்கெனவே யாரிடமோ உதை வாங்கியவை. சீசன் நடுவில் யார் பெரியவன் என்று கூட்டத்துக்குள் முடிவாகிவிடும். இரண்டு வயதுச் சேவல்கள் விரித்த வாலைப் பார்த்தாலே அடி ஞாபகம் வந்து ஓடும். பெரிய சேவலை வீட்டில் வைத்துவிட்டு ஒற்றைப் பெட்டையை வைத்துப் பாருங்கள். தலையைக் குனிந்து மேய்கிற மாதிரி இருப்பது நல்லது. தலை நிமிர்ந்த பெட்டை ‘எதையோ பார்த்துப் பயந்திருக்கிறேன்’ என்று சொல்கிற மாதிரி இருக்கும். பொம்மையை வாங்கும்போது அது அழகா என்று பார்க்கிறோம். வருகிற சேவலுக்கு அன்றைக்கு அந்த இடத்தில் என்ன மரியாதை என்பதைப் பார்த்துதான் பொம்மையை எடுக்க வேண்டும்.

அக்கா கதையைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஒருவர் முகத்தில் இன்னும் இரண்டு ஈயக்குண்டு இருக்கிறதாம். அதற்கு மேல் பேசவில்லை.

நான் சொல்லாமல் விட்ட சொதப்பல் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த ஏப்ரலில் பொம்மைகளைக் கழுவிப் பின்வாசலில் காயப் போட்டிருந்தேன். மனைவி பெட்டையை எடுத்து, வெங்காயப் பாத்தி ஓரத்தில் அழகுக்கு நட்டு வைத்துவிட்டாள். மறுநாள் காலை காபி போட அடுப்படிக்குப் போனவள் கத்திக் கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால், என் ஆறு வருடத்தில் பார்த்திராத சேவல், தாடி புல்லில் புரள்கிறது, பெட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எழுபது யார்டில் நிற்கவில்லை, தயக்கம் இல்லை, நேரே வந்துவிட்டிருக்கிறது. சீசன் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரத்தில் நின்று காபி குடித்தோம். அது வெங்காயத்தை மிதித்துத் துவைத்துவிட்டு எட்டு மணிக்குப் போனது. “நீ எப்படி நட்டாய், எந்தப் பக்கம் பார்த்து?” என்று மனைவியிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.