ரீஃபர்பிஷ்டு (ஆபீஸ்ல ஓட்டி முடிச்சதை சரிபண்ணி விக்கிற) டெஸ்க்டாப் வீட்டுக்கு வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

அடையாறு அப்பா:
பொண்ணு காலேஜ் வேலைக்குன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எஸ்எஃப்எஃப் பெட்டி, அதாவது ஒல்லியான சின்ன கேபினெட், எடுத்தேன். இன்டெல் ஐ5 பிராசஸர், எட்டாவது ஜென் (தலைமுறை), 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாரும் சொல்ற அதே கான்ஃபிக். கடையில போட்டுக் காட்டினப்போ பிரமாதமா ஓடுச்சு. ரொம்ப நாள் நல்லாவும் இருந்துச்சு. நடுவுல ஸ்லோவா இருக்கேன்னு விண்டோஸை ரீசெட் பண்ணி, லேன் கேபிளைச் சொருகினேன். ஏதோ ஒரு கம்பெனியோட பேரும் லோகோவும் ஸ்கிரீன் நடுவுல வந்து நின்னு வரவேற்குது, ஆபீஸ் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்குது. பொண்ணு எட்டிப் பாத்துட்டு, "அப்பா, உங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சு"ங்கிறா.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "நெட் குடுக்காம இன்ஸ்டால் பண்ணுங்க சார், கேக்காது"ன்னார். யோசிக்கக்கூட இல்ல, உடனே சொன்னார். அப்போ விக்கும்போதே தெரியும்தானே? அதுதான் இன்னும் ஆறல.

லினக்ஸ் மாமா:
இது ஆட்டோபைலட் சார், கம்பெனிங்க தங்களோட கம்ப்யூட்டரை நெட் வழியா செட் பண்ற மைக்ரோசாஃப்ட் வசதி. அந்த மெஷினோட ஹார்டுவேர் அடையாளம் பழைய கம்பெனியோட மைக்ரோசாஃப்ட் கணக்குல பதிஞ்சு கிடக்கு. எஸ்எஸ்டி மாத்தினாலும் போகாது, அவங்க ஐடி டீம் எடுத்து விடணும். எனக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சு, விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு லினக்ஸ் போட்டேன், கதை முடிஞ்சுது.

இனிமே வாங்கறவங்க கவனிங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சுது. ஆறாவது, ஏழாவது ஜென் பெட்டிகளை ஆபீஸ்கள் கழிச்சு விடறதே அதனாலதான். விண்டோஸ் 11 ஏத்துக்கற பிராசஸர் லிஸ்ட்ல இன்டெல் பக்கம் ஏறக்குறைய எட்டாவது ஜென்ல இருந்துதான் ஆரம்பம். "11 போட்டுத் தரேன்"னு கடையில சொல்வாங்க. பழைய ஜென்னா விண்டோஸோட செக்கிங்கைத் தாண்டிப் போடறது அது. மாடல் நம்பரைப் பாருங்க: டெல்னா 7050 வேண்டாம், 7060. எச்பினா 800 ஜி3 வேண்டாம், ஜி4. லெனோவோல எம்710ஐ விட்டுட்டு எம்720. முன்னாடி ஒட்டியிருக்கிற ஐ7 ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஐ7-6700ல நாலு கோர்தான், ஐ5-8500ல ஆறு. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு இருக்கான்னு கடையிலயே ஆன் பண்ணும்போது டெல்னா எஃப்2, எச்பினா எஃப்10, லெனோவோனா எஃப்1 தட்டிப் பாருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற டிஸ்க் செக் பண்ற சாஃப்ட்வேரைப் பென் டிரைவ்ல கொண்டு போய் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க.

கணக்கு டீச்சர்:
என்னுது வேற மாதிரி. எஸ்எஸ்டி புதுசு, கூடவே 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒண்ணை "சும்மா இருக்கட்டும் மேடம்"னு உள்ள வச்சே குடுத்தாங்க. டி டிரைவைத் திறந்தா சேலரின்னு ஒரு ஃபோல்டர். எக்செல் ஷீட்ல பேரு, பிஎஃப் நம்பர், பேங்க் அக்கவுண்ட், பிடித்தம் எல்லாம் வரிசையா இருக்கு. ஒருத்தருக்கு நேரா "லோன் பிடித்தம், தீபாவளி வரை வேண்டாம்"னு குறிப்பு. அதோட மூடிட்டு முழுசா அழிச்சேன். ஆனா என் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சுல அதே கடையிலதான் குடுத்திருக்கேன். அதுல பசங்க மார்க்கு, எங்க வீட்டு ஆதார் ஸ்கேன் எல்லாம் இருந்துச்சு. ஃபார்மேட் பண்ணிக்கறோம்னு அவங்க சொன்னதுதான்.

சிங்காநல்லூர் செந்தில்:
மாமா, கேட்டது அனுபவமுங்க, நீங்க பாடமே எடுத்துட்டீங்க. ஸ்டிக்கரைப் பத்தி எழுதுனீங்களே, பெட்டியோட அகலத்தை யாராச்சும் சொன்னீங்களா? பையன் கேம் ஆடணும்னான், கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்தேன். மூடியைக் கழட்டி வச்சுப் பாத்தா கார்டு வெளிய நீட்டிட்டு நிக்குது. எஸ்எஃப்எஃப்னா பாதி உயரக் கார்டுதான் ஏறுமாம். சரி, பெரிய கேபினெட்டுக்கு மாத்தலாம்னா சாதா எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) 24 பின், இந்தப் போர்டுல 8 பின். பவர் பட்டன் ஒயர்கூட சேரல. மெக்கானிக் பாத்துட்டு, "அண்ணா, இது கூட்டுக் குடும்பம், ஒண்ணைப் பிரிச்சா ஒண்ணு ஓடாது"ங்கிறாரு. கடைசில சின்ன ஜிடி 1030 கார்டு ஒண்ணைத் தேடிப் போட்டோம். மத்தபடி ஐ7, சத்தமே இல்ல, அருமையா ஓடுது.

புது வரவு:
எச்பி பெட்டி எடுத்திருக்கேன், பின்னாடி எச்டிஎம்ஐயே இல்ல. ரெண்டும் டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டர்ல எச்டிஎம்ஐதான் இருக்கு. என்ன கேபிள் வாங்கணும்?

கணக்கு டீச்சர்:
டிஸ்ப்ளேபோர்ட் டு எச்டிஎம்ஐனு கேளுங்க தம்பி. பெட்டியில இருந்து மானிட்டருக்குப் போற திசையிலதான் அது வேலை செய்யும், மாத்திக் குடுத்துடப் போறாங்க.

அடையாறு அப்பா:
மாமா சொன்ன மாதிரி அந்தக் கம்பெனி வெப்சைட்ல இருந்த ஐடிக்கு சீரியல் நம்பரோட மெயில் போட்டிருக்கேன். பதில் இல்ல. பொண்ணு நெட் இல்லாம இன்ஸ்டால் பண்ணி ஓட்டிட்டிருக்கா. நாளைக்கு அவங்க போலீஸ் கம்ப்ளைன்ட் குடுத்தா, ஜிஎஸ்டி பில்லாவது இருக்கேன்னு எடுத்து வச்சிருக்கேன்.

லினக்ஸ் மாமா:
செந்தில், அந்த ஐ7 எந்த ஜென்னு சொல்லவே இல்லையே?

சிங்காநல்லூர் செந்தில்:
ஆறுங்க. ஓடுதில்லைங்க, அப்புறம் என்ன?