ஆர்எஸ்ஓஏ அப்லிங்க்கில் கண் வரைபடம் திறக்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம். ப்ராஜெக்ட்டுக்காக 20 கி.மீ. டபிள்யூடிஎம்-பான் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அலைநீளம் தரும் ஃபைபர் நெட்வொர்க்) ஒன்றை ஆப்டிசிஸ்டம் சிமுலேஷன் மென்பொருளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பக்கம் லேசர் கிடையாது. வந்துசேரும் ஒளியையே ஆர்எஸ்ஓஏ (எதிரொளிக்கும் குறைக்கடத்தி ஒளிப்பெருக்கி) பெருக்கி, அதன் மேலேயே அப்லிங்க் டேட்டாவை (வீட்டிலிருந்து போவது) ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். டவுன்லிங்க் 10 ஜிபிபிஎஸ், அப்லிங்க் 1.25.

டேட்டா இல்லாத வெறும் சிடபிள்யூ ஒளி கொடுத்தால் எல்லாம் சரி, கண் (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரைபடத்தின் நடு இடைவெளி) அழகாகத் திறக்கிறது. டவுன்லிங்க் டேட்டாவோடு கொடுத்தால் '1' இருக்கும் மேல்கோடு மட்டும் தடித்துக் கலங்கிவிடுகிறது, கியூ (சிக்னல் தர அளவு) 3-ஐத் தாண்டவில்லை. பழைய டேட்டா முழுசாக அழியாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். டவுன்லிங்க்கின் எக்ஸ்டிங்ஷன் ரேஷியோவை ('1', '0' ஒளித்திறன்களின் விகிதம்) 10 டிபியிலிருந்து 4-க்கு இறக்கினால் அப்லிங்க் தேறுகிறது, டவுன்லிங்க் கெடுகிறது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போர்வை இல்லாத கதைதான்.

போகவும் வரவும் தனித்தனி ஃபைபர் போட்டும் பார்த்தேன், மாற்றமே இல்லை, அதனால் ரேலி பின்சிதறலை (ஃபைபருக்குள்ளேயே சிதறித் திரும்பும் ஒளி) சந்தேகப்படவில்லை. அப்புறம் நேற்று ராத்திரிதான் கவனித்தேன், அப்லிங்க் ரிசீவரின் லோ-பாஸ் ஃபில்டர் குளோபல் பிட் ரேட்டில் 0.75 மடங்கு, அதாவது 7.5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்திருக்கிறது (இரண்டு வாரம் வீண்!). அப்லிங்க்கின் 1.25-க்கு ஏற்ப 0.94 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் கியூ 4.5 வந்தது. எனக்கு 6 வேண்டும்.

ஆர்எஸ்ஓஏ உள்ளீடு இப்போது -15 டிபிஎம். சாச்சுரேஷனுக்கு (பெருக்கம் குறைந்து பழைய டேட்டாவின் ஏற்ற இறக்கம் அமுங்கும் நிலை) தள்ள இதை ஏற்றுவதா, பயாஸ் மின்னோட்டத்தை ஏற்றுவதா, எதை முதலில் தொடலாம்? செய்து பார்த்தவர்கள் உங்கள் அளவுகளைப் போட்டால் பெரிய உதவி.