இறந்த அப்பா பெயரில் பவர் பத்திரம், உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கம் தாத்தா வாங்கிப்போட்ட ஒன்றரை ஏக்கருக்கு இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், 2011-ல் இங்கே தவறிப்போன அப்பா 2019-ல் அங்கே பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்து பவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கிறது. நகல் எடுத்துப் பார்த்தோம், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நாங்கள் நம்பிப் பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் கொடுத்து வைத்திருந்த வக்கீல். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், போலீசில் நில அபகரிப்புக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. ஆனால் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் பர்மிய மொழியில் இருக்கிறதே! அதை மொழிபெயர்த்து, மெர்ச்சன்ட் தெரு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி ஊரில் ஏற்க வைத்தவர்கள் இருந்தால், முதலில் எங்கே போனீர்கள், எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.