ஆராதனை யூடியூபில் வருகிறது, பிறகு சபை எதற்கு?

வாலிபர் சங்கச் செயலாளர்:
எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் ஞாயிறு ஆராதனை நேரலையில் வருகிறது. காணிக்கையும் போனிலேயே போட்டுவிடலாம். "அப்புறம் கோயிலுக்கு எதுக்கு வரணும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வசனம் சொல்வதோடு நிற்காமல் நடைமுறையில் என்ன செய்யலாம்?

மணிக்கூண்டு:
பிரதர், அப்போஸ்தலர் 2:42-ல் ஆதிச்சபையின் அடையாளமாக உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்கு உண்டு. நேரலையில் உபதேசம் முழுதாக வரும், ஜெபம் ஓரளவு வரும். மற்ற இரண்டும் வராது.

1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் பல சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. உருவானது. 1950-ல் வந்த அதன் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) முறைமையில் சமாதானத்தைக் கைக்குக் கை கொடுக்கும் வழக்கம் சேர்ந்தது. சாதி பார்க்கும் ஊரில் பக்கத்தில் இருப்பவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போகவேண்டும் என்பது எவ்வளவு பெரிய காரியம்! தூரத்துக் கும்பிடோடு அதை முடிக்காதீர்கள்.

சேகரத்தான்:
பிள்ளைகளிடம் வாதாடுவதைவிட வேலை கொடுங்கள். சபைப் பதிவேட்டிலிருந்து முதியோர், படுக்கையில் இருப்போர், தனியாக வாழும் விதவைகள் பெயரை எழுதி எடுங்கள். வீட்டுக்கு இரண்டு பேர், மாதம் ஒருமுறை. எப்போதும் அதே இரண்டு பேர் போகவேண்டும். ஆளை மாற்றினால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். ஐயர் (சபைப் போதகர்) திருவிருந்து கொடுக்கப் போகும்போது அவர்களும் கூடப் போகட்டும். சமைக்கும்போது சபைக்கென்று எடுத்துவைக்கும் பிடி அரிசி சேர்க்கிறீர்களா? அதை ஏலம் விடாமல் இந்த வீடுகளுக்கே அனுப்புங்கள்.

ஆராதனையில் பெயர் வாசித்து, போட்டோ எடுத்துக் கொடுத்தால் எல்லாம் கெட்டது. வாங்கியவர் கூசிப்போய்க் கோயில் பக்கமே வரமாட்டார். பணம் ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. எருசலேமில் ஆதிச்சபையிலும் விதவைகளின் பந்தியில் முறுமுறுப்பு வந்தபோது அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:
வீட்டு ஜெபக்கூட்டமும் வையுங்கள், குழுவுக்கு எட்டுப் பத்துக் குடும்பம் போதும். அது சாப்பாட்டில்தான் உடையும். ஒரு வீட்டில் வடை, அடுத்த வீட்டில் பிரியாணி என்று ஏறினால், கூலிவேலை செய்யும் குடும்பம் தன் முறை வரும்போது ஒதுங்கிவிடும். கொரிந்து சபையில் இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைப் பவுல் கண்டித்தாரே! டீ மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள், ஐயர் வீடு உட்பட.

வாலிபர் சங்கச் செயலாளர்:
நன்றி ஐயா. நேரலையை நிறுத்திவிடலாமா?

சேகரத்தான்:
வேண்டாம் தம்பி. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது தேவை. அந்த வீட்டுக்குப் போகிற இருவரும் போனில் போட்டுக் காட்டப் பழக்கிவிடட்டும்.